வைத்தியலிங்கத்துக்கு ஏழாம் மாதம்

செந்தில், உன் தங்கை வினோதினி கல்யாணத்தில் பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது நீ ஒரு கதை சொன்னாய். "எங்கப்பா ஒரு செத்துப்போனவரை மாசமா இருக்காருன்னு கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாரு" என்று ஆரம்பித்தாய். மாப்பிள்ளை வீட்டார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புதான் வந்தது. ஆனால் நீ சொன்னதில் பாதி தப்பு. மீதிப் பாதியை நீ சொல்லவே இல்லை. அந்த மீதியில் ஒரு சின்னப் பெண்ணின் இதயம் இருக்கிறது, உங்கள் அம்மாவும் இருக்கிறாள். வினோதினியும் போனில் "முழுசா எழுதுங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பில் கணக்கு என்னைக் கைவிட்ட வருடம், காரைக்காலில் பெரிய டாக்டரின் கிளினிக்கில் வாசல் பெருக்கச் சேர்ந்தேன். பெருக்குவதிலிருந்து டோக்கனுக்கு, டோக்கனிலிருந்து சீட்டு மேசைக்கு நகர்ந்தேன். பெரிய டாக்டர் காலமான பிறகு அவர் மகள், நம் டாக்டரம்மா, அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அதே மேசையில் இருந்தேன். என் முன்னேற்றம் அவ்வளவுதான்.

சீட்டு என்றால் தடித்த மஞ்சள் அட்டை. ஆளுக்கு ஒன்று இல்லை, குடும்பத்துக்கு ஒன்று. வீட்டுத் தலைவர் பெயரில் இருக்கும். நெரவி வைத்தியலிங்கம் சீட்டு என்றால் அவர், அவர் மனைவி, மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் அத்தனை பேரின் காய்ச்சலும் வயிற்றுவலியும் அதில்தான் வரிசையாக இருக்கும். இடம் போதாவிட்டால் இன்னொரு அட்டையைப் பின்னால் வைத்துத் தைத்துவிடுவேன். தலைவர் இறந்துபோனாலும் சீட்டில் பெயர் மாற்ற யாருக்கும் மனசு வராது. ஆகவே எங்கள் கிளினிக்கில் தவறாமல் வந்து மருந்து வாங்கியவர்களில் பல பேர் காலமானவர்கள்.

அட்டைகளைப் பெரிய டாக்டர் பிரெஞ்சுக்காரர் காலத்து மாதிரியில் அச்சடித்து வைத்திருந்தார். மேலே "நோம்", அதாவது பெயர், என்று ஒரு கட்டம், பக்கத்தில் "ப்ரெநோம்", அதாவது முன்பெயர், என்று ஒரு கட்டம். முதல் கட்டத்தில் பெயர் எழுதினோம். இரண்டாவதில் என்ன எழுதுவது என்று எனக்கு முன்னால் இருந்தவருக்குத் தெரியவில்லை. காலியாக விட்டால் அழகாக இல்லை என்று ஊர்ப் பெயரை எழுதிவந்தார். நானும் அப்படியே எழுதிவந்தேன்.

டாக்டரம்மாவைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கைக்குழந்தையைக்கூட "வாயைத் திறங்க" என்பார். கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதைதான் ஏறும். சாதாரண நாளில் நான் ராஜேந்திரன். தப்பு செய்தால் ராஜேந்திரன் சார். பெரிய தப்பு என்றால் "ஐயா அவர்கள் கொஞ்சம் உள்ளே வரணும்" என்று செய்தி வரும். அந்த "ஐயா அவர்கள்" காதில் விழுந்தால் நர்ஸ் சகாயமேரி எனக்காக ஒரு சிலுவை போட்டுக்கொள்வார்.

கம்ப்யூட்டர் வேண்டும் என்ற எண்ணம் டாக்டரம்மாவுக்கு வந்ததற்குக் காரணம் நெடுங்காட்டு விவசாயி ஒருவர். நெஞ்சுவலிக்காக அவரைப் புதுச்சேரிக்கு அனுப்பியபோது சீட்டையும் கையோடு கொடுத்தனுப்பினோம். அவர் அங்கே படுத்திருந்த நாட்களில் இங்கே அவர் வீட்டில் ஒவ்வொருவராகக் காய்ச்சலில் விழுந்தார்கள். யாருக்கு முன்பு என்ன மருந்து கொடுத்தோம் என்று பார்க்கச் சீட்டு இல்லை. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "ராஜேந்திரன், ஒருத்தருக்கு நெஞ்சு வலிச்சா வீட்ல மத்தவங்க யாரும் தும்மக் கூடாதா?" என்றார். அடுத்த வாரம் புதுச்சேரியிலிருந்து முகுந்தன் வந்து இறங்கினார்.

முகுந்தன் மென்பொருள் போட்டுக் கொடுப்பவர். முன்மண்டை வழுக்கை, பொறுமைசாலி, டீயில் சர்க்கரை வேண்டாம் என்பார், பிறகு பிஸ்கட் தின்பார். கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து உடனே ஆரம்பித்துவிடுவார் என்று நினைத்திருந்தோம். அவரோ முதலில் திட்டம் வேண்டும் என்றார். புதன்கிழமைதோறும் மதியம் கிளினிக்கைச் சாத்திவிட்டு நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்தோம். பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அவர் கட்டம் கட்டமாக வரைவார். நோயாளி வருகிறார், பதிவு செய்கிறார், நர்ஸைப் பார்க்கிறார், டாக்டரைப் பார்க்கிறார், மருந்து வாங்குகிறார், போகிறார். ஐந்தாறு கட்டம், இடையில் அம்புக்குறி.

சகாயமேரி அதை வெகுநேரம் பார்த்தார். "இது எந்த ஊர்லங்க?" என்று கேட்டார்.

அடுத்த நாள் காலையில் முகுந்தனை வாசலில் உட்காரவைத்தோம். ஓர் அம்மாள் வந்தார். எட்டிப்பார்த்தார். செருப்பை வரிசையில் கழற்றி வைத்தார். வெறுங்காலோடு மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். செருப்பு வரிசையில் அவர் சார்பில் நின்றது. பின்னால் வந்தவர்கள் செருப்பை ஒவ்வோர் அடியாக நகர்த்திவிட்டார்கள். முறை வரும் நேரத்துக்குச் சரியாக அந்த அம்மாள் மீன் பையோடு வந்து செருப்புக்குப் பக்கத்தில் நின்றார். உள்ளே போய்த் தனக்கு முழங்கால் வலி என்றார். எழுந்திருக்கும்போது, வீட்டுக்காரருக்கு இருமல், மகனுக்குப் படை, அதற்கும் சேர்த்து எழுதிக்கொடுங்கள் என்றார். முகுந்தன் தாளில் இரண்டாவது கட்டத்தை அடித்துவிட்டு "மீன் வாங்குதல்" என்று எழுதினார். அந்தக் கட்டம் கடைசிவரை திட்டத்தில் இருந்தது. நல்ல மனிதர், இல்லாததை வரையமாட்டார்.

என்றைக்குத் தொடங்குவது என்பதில் சில புதன்கிழமைகள் போயின. கூட்டம் குறைவான வாரமாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார் முகுந்தன். மழைக்காலம் வேண்டாம், காய்ச்சல் குவியும். மாதா திருவிழா நாட்களில் தன்னால் முடியாது என்று சகாயமேரி சொல்லிவிட்டார். கடைசியில் சம்பா அறுவடை வாரம் என்று முடிவானது. அறுப்பு நடக்கும்போது நெரவியிலும் நெடுங்காட்டிலும் யாருக்கும் நோய் வராது. களம் காலியான மறுநாள்தான் எல்லோருக்கும் ஒன்றாக வரும்.

இனி வைத்தியலிங்கம்.

தொடங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம் என்றார் முகுந்தன். இருப்பதிலேயே தடிமனான சீட்டை எடுங்கள், அதில் இருப்பதை அப்படியே ஏற்றுங்கள், எங்கே இடிக்கிறது என்று பார்ப்போம் என்றார். செந்தில், "அப்படியே" என்று சொன்னது அவர். இதைக் கல்யாண வீட்டில் நீ சொல்லவில்லை. நான் ஒரு விரலால் தட்டித்தட்டி ஏற்றினேன். பெயர் வைத்தியலிங்கம். முன்பெயர் நெரவி. ஆண். சீட்டில் இருந்த பிறந்த வருடத்தைப் போட்டதும் வயது நூற்றைத் தாண்டியது. நகச்சுற்று, ஏழாம் மாதம், அம்மைத் தடுப்பூசி, மூட்டுவலி. திரையில் சிவப்பாக ஒரு பெட்டி குதித்தது.

முகுந்தன் குனிந்து பார்த்தார். "ஐயா, இவரு யாரு?"

"நெரவிங்க. நல்ல மனுஷன்."

"எங்க இருக்காரு?"

"அவரு போயி ரொம்ப வருஷம் ஆச்சுங்க."

"அப்ப யாரு மாசமா இருக்காங்க?"

"அவரு சின்ன மருமவ."

டாக்டரம்மா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வைத்தியலிங்கம் ஐயாவுக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதியாச்சா?" என்று கேட்டார்.

நீ உன் கதையை இங்கேயே முடித்துவிட்டாய். உண்மையில் இங்கேதான் ஆரம்பம்.

சோதனைதானே என்று நாங்கள் நினைத்தோம். மென்பொருள் அப்படி நினைக்கவில்லை. சீட்டில் இருந்த போன் எண்ணுக்கு அதுவாகவே குறுஞ்செய்தி அனுப்பிவிட்டது. மறுநாள் காலை செல்லம்மாள் வந்து நின்றார். வைத்தியலிங்கத்தின் மனைவி. உங்கள் அம்மா பிறந்த வீட்டுக்கு அடுத்த வீடு, அம்மா பெரியம்மா என்று கூப்பிடுவாளே, அவர்தான். அந்த உறவில் என்னை மாப்பிள்ளை என்பார். கையில் போன், பக்கத்தில் பேத்தி கயல்விழி. செய்தியைப் படித்துக் காட்டியவள் அவள்தான்.

"மாப்ளே, அவங்களைச் செக்கப்புக்கு வரச்சொல்லி மெசேஜ் வந்திருக்கு. அவங்களால வர முடியாது பாருங்க. அதான் நான் வந்தேன்" என்றார்.

கோபமே இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தார். இத்தனை வருடம் கழித்தும் கிளினிக்கில் அவர் பெயரை நினைவு வைத்து வரச்சொல்கிறார்களே என்று. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், டாக்டரம்மா கையமர்த்தினார். அவர் பார்வை கயல் மேல் இருந்தது. அந்தப் பெண் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து உட்கார்ந்தாள்.

கயல் அப்போது ஆறாம் வகுப்பு. முந்தைய வருடம் தொண்டை வலி வந்து, பிறகு மூட்டுகள் வீங்கி, அதன் பிறகு இதயத்தில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. தொண்டைக் கிருமியால் வரும் வாதக்காய்ச்சல், இதய வால்வைக் கடிக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டே வந்தால் கிருமி அண்டாது. ஆனால் வைத்தியலிங்கம் சீட்டின் தலைப்பில் பெரிய டாக்டர் சிவப்பு மையால் எழுதியிருந்தார்: பென்சிலின் ஆகாது. யாருக்கு என்று எழுதவில்லை. அதனால் அந்த வீட்டில் யாருக்குமே அந்த ஊசியைப் போட்டதில்லை. கயலுக்கும் ஊசிக்குப் பதில் தினம் ஒரு மாத்திரைதான். அவள் அதைத் தின்றாளா என்பது அவளுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். இப்போது மறுபடியும் தொண்டை சிவந்திருந்தது.

அன்று மதியம் டாக்டரம்மா முகுந்தனிடம் கேட்டார். சிவப்பு வரியைக் கம்ப்யூட்டரில் எங்கே போடுவது? ஒவ்வொருவருக்கும் தனிப் பக்கம், ஆகாது என்பதை அந்தந்த ஆளுக்குத்தான் போடவேண்டும் என்றார் அவர். எல்லோருக்கும் போட்டுவிடலாமா என்று நான் கேட்டேன்.

"போட்டா கயலுக்கு இந்த ஜென்மத்துல ஊசி கிடையாது. இன்னும் ஒரு தடவை வந்தா வால்வு தாங்காது. யாருக்கும் போடாம விட்டா, அந்த வீட்ல யாரோ ஒருத்தர் ஒருநாள் என் கையால ஊசி போட்டுகிட்டு செத்துப்போவார்" என்றார் டாக்டரம்மா. பிறகு என்னைப் பார்த்தார். "ராஜேந்திரன் சார், குடும்பத்தையே வரச்சொல்லுங்க."

நான் ஒரு தப்பும் செய்யாமல் "சார்" ஆனது அன்று மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குட்டியானை வண்டியில் வந்து இறங்கினார்கள். டாக்டரம்மா, முகுந்தன், சகாயமேரி, நான் நால்வரும் உட்கார்ந்து விசாரித்தோம். மூத்த மகன் முருகையன் முதலில் எழுந்தார். பென்சிலின் தனக்குத்தான் ஆகாது என்றார். இளைய மகன், இல்லை, எனக்குத்தான் என்றான். அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு மாதிரி ஆகிவிட்டது. இறந்துபோன அத்தைக்கு என்று ஒருவர், அப்பாவுக்கே என்று ஒருவர். அந்த வீட்டில் அந்தச் சிவப்பு வரி குலதெய்வம் போல இருந்தது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. எங்கே ஊசி என்றாலும் "எங்க குடும்பத்துக்கே ஆகாது" என்று சொல்லித் தப்பித்து வந்திருக்கிறார்கள். ஏழாம் மாதக்காரியான சின்ன மருமகள் தேன்மொழிகூட எழுந்து நின்றாள்.

"எனக்கும் ஆகாதுங்க டாக்டர்."

"உங்களுக்கு எப்பலேர்ந்தும்மா?"

"கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து."

முகுந்தன் தட்டுவதை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. பேனா மூடியைத் திருகித் திறந்தார், மூடினார். அது அவர் யோசிக்கும் விதம்.

"யாருக்கு ஆகாதுன்னு நான் இனிமே கேக்கல. ஊசி போட்டு ஒருத்தருக்கு ஒத்துக்காமப் போனதை உங்கள்ல யாரு கண்ணால பாத்தீங்க? அதை மட்டும் சொல்லுங்க."

முருகையன் தம்பியைப் பார்த்தார். தம்பி கூரையைப் பார்த்தான். மூலையில் கயலை மடியில் சாய்த்துக்கொண்டிருந்த செல்லம்மாள்தான் வாயைத் திறந்தார்.

"நான் பாத்தேன். வண்டியில எங்க வீட்டுக்காரங்களும் நானுந்தான் தூக்கிட்டு வந்தோம். அஞ்சு வயசுப் புள்ள. ஊசி போட்டு வாசல்கூடத் தாண்டல, உதடு வீங்கி, கண்ணு மூடி, மூச்சு இழுத்துருச்சு. பெரிய டாக்டரு மாத்து ஊசி போட்டுட்டு மடியில போட்டுகிட்டே உக்காந்திருந்தாரு."

"எந்தப் பிள்ளைங்கம்மா? பெரியவரா, சின்னவரா?"

செல்லம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"எங்க வீட்டுப் புள்ள இல்ல டாக்டர். பக்கத்து வீட்டுப் பொண்ணு. அப்பல்லாம் புதுச் சீட்டு திங்கக்கிழமைதான் போடுவாங்க. புள்ளைக்கு ஜுரம் அனலா கொதிக்குது, அன்னிக்கு வியாழக்கிழமை. எங்க சீட்டுல காட்டிக்கலாம்னு அவங்கதான் தூக்கிட்டு வந்தாங்க." என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, கல்யாணம் பேசும்போதே உங்களுக்குச் சொல்லியிருக்கணும். பொண்ணுக்குக் குறைன்னு தட்டிப்போயிடும், வாயைத் திறக்காதேன்னு சுகந்தியோட அம்மா எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா."

சுகந்தி என்றால் யார் என்று முகுந்தனுக்குத் தெரியாது. சகாயமேரிக்குத் தெரியும், சிலுவை போட்டுக்கொண்டார். கிளினிக்கில் வேலை பார்ப்பவனின் பெண்டாட்டி கிளினிக் படியேற மாட்டாள் என்று இத்தனை வருடம் என்னைக் கேலி செய்தவர் அவர்தான். உங்கள் அம்மா எந்தக் காய்ச்சலுக்கும் மிளகு ரசத்தோடு சரி. ஊசி என்றால் கதவைச் சாத்திக்கொள்வாள். இரண்டு பிரசவத்திலும் ஆஸ்பத்திரியில் ஊசி எடுத்து வந்தவர்களிடம் என்ன ஊசி, என்ன ஊசி என்று கேட்டுச் சண்டை போட்டாள். பயந்தாங்கொள்ளி என்று நானும் சிரித்திருக்கிறேன். நம் குடும்பச் சீட்டு என் பெயரில்தான் இருந்தது. அதில் சிவப்பு மையே கிடையாது.

டாக்டரம்மா எழுந்து வந்து செல்லம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப உங்க வீட்ல யாருக்கும் இல்ல?"

"யாருக்கும் இல்லங்க."

முருகையனுக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்ப எங்களுக்குன்னு ஒண்ணுமே இல்லையா டாக்டர்?" என்றார்.

செல்லம்மாள் சொன்னதை மட்டும் நம்பி டாக்டரம்மா ஊசியை எடுக்கவில்லை. கயலை அரசு ஆஸ்பத்திரிக்குத் தானே அழைத்துப் போனார். மாற்று மருந்தைத் தட்டில் தயாராக வைத்துக்கொண்டு, முதலில் தோலில் ஒரு துளி. காத்திருந்தோம். அந்த இடம் தடிக்கவில்லை, சிவக்கவில்லை. பிறகு கொஞ்சம் மருந்து. மறுபடி காத்திருந்தோம். செல்லம்மாள் வாசலில் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், சகாயமேரி ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார், நான் கயலின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் முழு ஊசியும் உள்ளே போனது. கயல் "ஆ" என்று ஒருமுறை கத்தினாள். பிறகு, இனிமேல் மாத்திரை வேண்டாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார் டாக்டரம்மா. அப்படியென்றால் ஓர் உண்மையைச் சொல்கிறேன் என்று அவர் காதில் ரகசியமாகச் சொன்னாள். மாத்திரைகளில் பாதி செம்பருத்திச் செடி வேருக்குப் போயிருக்கிறது. டாக்டரம்மா, "ரொம்ப நல்லதுங்க. செடிக்கு வாதக்காய்ச்சல் வராது" என்றார்.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் கேட்டேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பெரியம்மா சொல்லிட்டாங்களா?" என்றாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அம்மா சொல்லக் கூடாதுன்னுச்சு. அப்புறம் அம்மாவும் போயிருச்சு, யாருகிட்ட கேட்டுகிட்டுச் சொல்றது? பயந்தாங்கொள்ளின்னுதானே சிரிச்சீங்க, சிரிச்சுட்டுப் போங்கன்னு விட்டுட்டேன்."

நான் மயக்கமாகக் கிடக்கும்போது யாராவது ஊசி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். கேள்வியில் "நீ" என்பதற்குப் பதிலாக "நான்" என்று வாய் குழறிவிட்டதை அவள்தான் திருத்தினாள். நானும் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன்.

சம்பா அறுவடை வாரத்தில் கம்ப்யூட்டர் ஓட ஆரம்பித்தது. முதல் பக்கம் யாருடையது என்று டாக்டரம்மாதான் முடிவு செய்தார். உங்கள் அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்தப் படியேறினாள். நான் ஒரு விரலால் ஏற்றினேன். பெயர் சுகந்தி. பென்சிலின் ஆகாது. திரையின் தலைப்பில் சிவப்பாக அந்த வரி வந்து நின்றது. சரியாக எழுதியிருக்கிறேனா என்று எட்டிப்பார்த்துவிட்டு, "இப்ப சரி" என்றாள்.

வைத்தியலிங்கம் சீட்டைப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் போட்டோம். அவருக்கும் ஒன்று வேண்டும் என்று செல்லம்மாள் பிடிவாதம் பிடித்தார். அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவருக்கு இங்கே இடமில்லையா என்றார். இறந்தவருக்குப் புதுப் பக்கம் திறக்க மென்பொருள் மறுத்தது. முகுந்தன் அரைநாள் அதோடு மல்லுக்கட்டித் திறந்து கொடுத்தார். அதில் ஒரு நோயும் இல்லை. குறிப்பு என்ற இடத்தில் நான், "குடும்பத்தோடு வருவார்" என்று ஏற்றினேன். இன்னும் இருக்கும்.

கயல் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து ஊசி போட்டுக்கொண்டு போகிறாள் என்று சகாயமேரி சொன்னார். இதயத்தில் சத்தம் அதே அளவில் நிற்கிறதாம்.

செந்தில், அடுத்த கல்யாண வீட்டில் இதை முழுதாகச் சொல். இன்னொன்றும் உனக்குச் சொல்லவேண்டும். போன மாதம் நீ தொண்டை வலியென்று போனபோது, "எங்கம்மாவுக்கு ஆகாது, எங்க குடும்பத்துக்கே ஆகாது" என்று சொல்லி ஊசியிலிருந்து தப்பித்தாயாம். டாக்டரம்மா எனக்குப் போன் செய்தார். உன் பக்கத்தை ஏற்றியவன் நான். அதில் சிவப்பு வரி கிடையாது. திங்கட்கிழமை காலை உன்னை வரச்சொன்னார். "செந்தில் ஐயா அவர்கள் வரணும்" என்றுதான் சொன்னார்.